தாளுக்கு ரெண்டு

மேடத்திடம் போய் "வலிக்குது" என்று சும்மா சொல்லிவிட்டு யாரும் தப்பித்துவிட முடியாது. அவர் ஆரணியில் மாடி எடுத்துக் குடியிருந்த வீட்டின் சொந்தக்கார அம்மாதான் முதலில் மாட்டினார். முட்டியைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார், பாவம்.

"எத்தனை?" என்றார் மேடம்.

"ரொம்ப வலிக்குதுங்க."

"ரொம்பன்னா எத்தனை? சைபர்லேர்ந்து பத்துக்குள்ள சொல்லுங்க."

"உயிரே போவுதுங்க மேடம். பத்துக்கு மேல இல்லீங்களா?"

"பத்துக்கு மேல கட்டம் இல்லைம்மா. உயிர் போறதுதான் பத்து. பத்துன்னு போட்டுக்கட்டுமா?"

அந்த அம்மா திருதிருவென்று விழித்தார். உயிர் போகவில்லைதான். வாயில் வெற்றிலையை வைத்துக்கொண்டு பேசுகிறாரே, எங்கே போயிருக்கும்? மெல்ல இறங்கி வந்தார். "ஒரு அஞ்சு போட்டுக்கோங்க." மேடம் ஐந்தில் வட்டம் போட்டுவிட்டுப் பேனாவைக் காற்றில் ஒரு உதறு உதறினார். அது மைப்பேனா இல்லை, பால்பாயிண்ட்தான். ஆனாலும் ஒவ்வொரு வட்டத்துக்குப் பிறகும் உதறுவார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஊரில் அவருக்கு 'எத்தினி மேடம்' என்று பெயர் விழுந்தது. எங்கள் ஊர் வாயில் எத்தனை என்பது எத்தினி ஆகிவிடும். நிஜப் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் அவருடைய பழைய மாணவர்கள் என் மேல் பாய்வார்கள். அவர்களுக்கு அவர் தெய்வம்.

சென்னையில் ஒரு கல்லூரியில் உளவியல் பேராசிரியர் அவர். வலியும் ஞாபகமும்தான் அவருடைய ஆராய்ச்சி. வலிக்கும்போது மனிதன் சொல்லும் எண்ணும், வலி போன பிறகு யோசித்துச் சொல்லும் எண்ணும் ஒன்றாக இருக்குமா? இதைக் கண்டுபிடிக்க அவருக்குத் தினமும் வலிக்கிற ஆட்கள் வேண்டியிருந்தார்கள். காலைத் தறிக்குழியில் தொங்கவிட்டு, முதுகை வளைத்து, காலையிலிருந்து சாயங்காலம் வரை பட்டு நெய்கிறவர்களைவிட நல்ல ஆட்கள் எங்கே கிடைப்பார்கள்? பெட்டியோடு வந்து இறங்கிவிட்டார். நான் அதே படிப்பில் எம்.ஏ. முடித்துவிட்டு, கல்யாணமும் ஆகாமல் வேலையும் இல்லாமல் வீட்டில் எல்லோரோடும் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. தாளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகும் வேலை எனக்குக் கிடைத்தது. நன்றி கெட்டவள் என்று யாரும் சொல்லவேண்டாம். அந்த வேலை வந்தபோது நான் மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்தேன்.

தாளில் ஒரு நீளக் கோடு இருக்கும். இடது ஓரத்தில் சைபர், வலது ஓரத்தில் பத்து. தறியில் வேலை நடக்கும்போது போய் ஒரு தாள் எழுதுவோம். முதலாளி கொடுத்துத் தறியில் ஏற்றிய பாவு நூல் முழுக்க நெய்து முடிந்து, கடைசிச் சேலையையும் அறுத்துக் கொடுத்த அன்றைக்குப் போய் இன்னொரு தாள் எழுதுவோம். அன்றைக்குத்தான் தறி சும்மா இருக்கும், ஆள் நிதானமாகப் பேசும். "அந்தப் பாவு நெய்யறப்ப எத்தனை இருந்துச்சு, யோசிச்சுச் சொல்லுங்க" என்று மேடம் கேட்பார். அவர்கள் சொல்வார்கள். அதற்குப் பிறகு மேடம் செய்வதுதான் எனக்குப் பொறுக்காது.

முள்ளிப்பட்டில் ஒரு நெசவாளர், ஐம்பது வயதிருக்கும், தோளைத் தேய்த்துக்கொண்டே, "எட்டு இருக்கும் மேடம். சோத்துக் கையத் தூக்கி வாயில வெக்க முடியல. பொண்டாட்டிதான் ஊட்டி உட்டா" என்றார். மேடம் பைலைத் திறந்தார். பழைய தாளை எடுத்து அவர் முழங்காலின் மேல் வைத்தார்.

"நீங்க அன்னிக்குச் சொன்னது ரெண்டு."

"ரெண்டா? நானா?"

"உங்க கையெழுத்துதானே?"

அவர் தன்னுடைய கையெழுத்தையே யாரோ கடன்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். உள்ளே அவர் மனைவி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றார். "அப்ப ரெண்டுதாங்க இருந்திருக்கும்" என்றார் அந்த மனிதர். மேடத்தின் முகம் மலர்ந்துவிட்டது. வெளியே வந்து என் தோளில் தட்டி, "பாத்தியா? ஆறு பாயிண்ட் ஏத்திச் சொல்றார். பொய் இல்லைம்மா, அவர் ஞாபகமே அப்படி மாறிப்போச்சு. என்ன அழகு பார்" என்றார்.

அழகாம்! ஒரு ஆளின் வலியை அவர் கையாலேயே பிடுங்கிப் போட்டுவிட்டு அழகு என்று சொல்ல எப்படித்தான் வாய் வந்ததோ.

வீட்டுக்கு வீடு இதே கதைதான். தறி ஓடும்போது ஒன்று, ரெண்டு. சேலை அறுத்த பிறகு ஏழு, எட்டு. மேடம் ராத்தூக்கம் மறந்து சந்தோஷப்பட்டார். எனக்கு மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த முடிச்சை அவிழ்த்தவள் என் அக்கா.

அக்காவும் முள்ளிப்பட்டில்தான் வாக்கப்பட்டிருந்தாள். அவளும் மாமாவும் ஆளுக்கொரு தறி. அவள் வீடும் என் பட்டியலில் இருந்தது. ஒருநாள் போனபோது தறியிலிருந்து எழுந்திருக்கவே சுவரைப் பிடித்துக்கொண்டாள். நெற்றியில் வியர்வை கொட்டியது. நான் தாளை எடுத்து, "எத்தினிக்கா?" என்றேன்.

"ரெண்டு போடு."

"எழுந்துக்கவே முடியல. ரெண்டா?"

"ஏய், தாளுக்கு ரெண்டு போடுடி. உங்க மேடம் மொத நாளு யார் கூட வந்தாங்க? மொதலாளி வூட்டு மேஸ்திரி கூடத்தான வந்தாங்க? இந்தத் தாளு எங்க போய்ச் சேருதுன்னு எங்களுக்குத் தெரியாதா? பாவு தறியில இருக்கச்சொல்ல எட்டு, ஒம்போதுன்னு போட்டா, முடியாதவ கையில எதுக்குப் பட்டுன்னு பாதிப் பாவ அறுத்துகினு போய் வேற வூட்டுக்குக் குடுத்துருவாங்க."

"அப்போ சேலை அறுத்தப்புறம் மட்டும் ஏன் எட்டுன்னு சொல்றீங்க?"

"அப்ப சொன்னா இன்னா? சேலதான் மொதலாளி கைக்குப் போயிடுச்சே! அவ்ளோ வலியிலயும் சேலைய நெஞ்சு குடுத்தாங்கன்னு நாலு பேருக்குத் தெரியட்டும்."

இத்தனை வீட்டிலும் ஞாபகம் ஒன்றும் மாறவில்லை. முதல் எண் பயம், இரண்டாவது எண்தான் உண்மை. மேடம் அதைத் தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்தார். தாள் முதலாளிக்குப் போகவில்லை என்று அக்காவிடம் சத்தியம் செய்தேன். "போடி, உனக்கு சம்பளம் குடுக்கிறவங்களப் பத்தி நீ வேற இன்னா சொல்லுவ" என்றாள்.

"சரி, நெசத்துக்கு எத்தினி? அதையாவது சொல்லு."

"நெசத்தக் கேட்டு நீ இன்னா பண்ணப்போற? ரெண்டு போட்டுட்டுக் கெளம்பு, ஜல்தி."

நான் ரெண்டு போட்டேன்.

மேடத்திடம் சொன்னேனா? சொல்லவில்லை. சொன்னால் இரண்டு வருஷத்துத் தாளும் குப்பை. ஆராய்ச்சி நின்றுவிடும், என் வேலையும் போய்விடும். திரும்ப அந்த வீட்டில் உட்கார்ந்து அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இதெல்லாம் யோசித்துத்தான் வாயை மூடிக்கொண்டேன். தெரியாமல் நடந்தது என்று நான் எங்கேயும் சொல்லிக்கொண்டதில்லை.

மேடத்தைக் கல்நெஞ்சுக்காரி என்று சொல்லிவிட்டுப் போனால் எனக்கு சௌகரியம்தான். ஆனால் முழுக்க அப்படியும் இல்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் குழந்தைகளுக்கு பிஸ்கட் வாங்கிப் போவார். பெரணமல்லூர்ப் பக்கம் ஒரு வீட்டில் கிழவர் ஒருவருக்கு மூக்குக் கண்ணாடி உடைந்திருந்ததைப் பார்த்து, அடுத்த தடவை புதுக்கண்ணாடியோடு போய் நின்றார். தன்னையும் அவர் விட்டுவைக்கவில்லை. மாடிப்படி ஏறும்போது "என் முட்டி இன்னிக்கு மூணு" என்று தானே சொல்லிக்கொண்டு ஏறுவார். அவருடைய அம்மா சென்னையில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது போனில் நர்சிடம் கேட்டதை நானே காதால் கேட்டேன். "அழறாங்களா? அழறது இருக்கட்டும் சிஸ்டர், எத்தனைன்னு சொல்றாங்க?" போனை வைத்துவிட்டு, "அம்மா ஒம்போது சொல்றாளாம். போன வாரம் ஏழு" என்று என்னிடம் சொன்னார். கண் கலங்கியிருந்தது. ஆனால் சொன்னது என்னவோ எண்தான்.

ஒரு தடவை ஐஸ் வாளி சோதனை வைத்தார். மீன் கடையிலிருந்து ஐஸ் வாங்கி நீல வாளியில் கொட்டித் தண்ணீர் ஊற்றி, கையை உள்ளே வைக்கச் சொல்வார். பொறுக்க முடியாதபோது எடுத்துக்கொள்ளலாம். பட்டுக்குச் சாயம் போடுகிற ஒருவர் கையை வைத்தார், வைத்தவர் எடுக்கவே இல்லை. விரல் விறைத்துவிட்டது, கண்ணில் தண்ணீர் முட்டுகிறது, எடுக்கவில்லை. மேடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். நான்தான் தாங்காமல், "எடுங்கண்ணா, எடுங்க" என்று கத்தினேன். அவர் மேடத்தைப் பார்த்து, "மேடம் இன்னும் எடுக்கச் சொல்லலியே" என்றார். அந்த அம்மாளுக்கு என் மேல்தான் கோபம். "நீ ஏன் குறுக்கே பேசின? இன்னும் எவ்வளவு நேரம் வெச்சிருந்திருப்பார், இப்போ எனக்கு எப்படித் தெரியும்?"

அந்த ஆளுக்கு இரண்டு நாள் விரல் மடங்கவில்லை. மேடம் மருந்து வாங்கிக் கொடுத்தார், இல்லை என்று சொல்லவில்லை. கொடுக்கும்போதும் எத்தனை என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார்.

அக்காவுக்கு நாளுக்கு நாள் முடியாமல் போயிற்று. சாயங்காலமானால் காய்ச்சல். ரவிக்கை எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. தன் பெண்ணுக்குக் கல்யாணம் பேசியிருந்த நேரம், தறிப் பாவை விடமாட்டேன் என்று பிடிவாதம். மாதாமாதம் நான் போவேன், அவள் ரெண்டு என்பாள், நான் ரெண்டு போடுவேன். ஆறு மாதம் இப்படியே போயிற்று. ஒருநாள் தறியிலேயே மயங்கிச் சாய்ந்துவிட்டாள் என்று மாமா போன் செய்தார். நான் அழுததைப் பார்த்து மேடமே பதறிப்போய்க் காரை எடுத்தார். தனக்குத் தெரிந்த டாக்டரிடம் தானே கூட்டிக்கொண்டு போனார். வரிசையில் உட்கார வைக்காமல் நேராக உள்ளே கூட்டிப் போனார். அவ்வளவு நல்லவர்.

டாக்டர் அக்காவை முதுகில் தட்டிப் பார்த்தார். எத்தனை நாளாக வலி என்றார்.

அக்கா அன்றைக்குத்தான் முதல்முறையாக உடைந்தாள். "ஆறு மாசமா டாக்டர். கத்தியால குத்துறாப்புல இருக்குது. ராத்திரி பொரள முடியல. பல்லக் கடிச்சிகினுதான் தறி நெஞ்சிகினு இருந்தேன். தாங்கல டாக்டர், தாங்கல."

டாக்டர் பேனாவை எடுத்து என்னமோ ஸ்கேன் எழுதப் போனார். அப்போது மேடம் மெதுவாகச் சொன்னார்.

"டாக்டர், ஒரு நிமிஷம். பின்னாடி யோசிச்சுச் சொல்றதை அப்படியே எடுத்துக்கக் கூடாது. இந்த ஊர்ல எல்லாருமே ஏத்திதான் சொல்றாங்க, அது அவங்க தப்பில்ல. என்கிட்ட அப்பப்போ கேட்டு எழுதினது இருக்கு."

பையிலிருந்து பைலை எடுத்து மேஜையில் வைத்தார். ஆறு தாள்கள், ஆறிலும் ரெண்டு. ஒவ்வொன்றிலும் அக்காவின் கையெழுத்து, கீழே என் கையெழுத்து.

டாக்டர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். அக்கா என்னைப் பார்த்தாள். நீ சொல்லுடி என்று அந்தப் பார்வை கெஞ்சியது. நான் வாயைத் திறந்து, "அது பொய்யான எண்ணுங்க டாக்டர்" என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். பக்கத்தில் மேடம் நின்றார். அவ்வளவு நம்பிக்கையோடு நின்றார். சரி, நாளைக்குத் தனியாக வந்து டாக்டரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த நாளை வரவில்லை.

டாக்டர் ஸ்கேன் எழுதவில்லை. இடுப்புக்கு பெல்ட்டும் மாத்திரையும் எழுதி, கவலை வேண்டாம், மனசைத் தைரியமாக வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினார்.

மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் அக்கா தறிக்குழியிலிருந்து எழ முயன்றாள். கால் வரவில்லை. மாமாவும் பக்கத்து வீட்டுக்காரரும் தூக்கி வெளியே வைத்தார்கள். வேலூருக்குக் கொண்டுபோனோம். முதுகெலும்பில் டி.பி., சீழ் வைத்து நரம்பை நசுக்கிவிட்டது என்றார்கள். "இவ்வளவு நாள் என்னம்மா பண்ணீங்க? மூணு மாசம் முன்னாடி வந்திருந்தா நடக்க வெச்சிருக்கலாம்" என்று அந்த டாக்டர் என்னைத்தான் கேட்டார். ஆபரேஷன் செய்தார்கள். இடுப்புக்குக் கீழே எதுவும் திரும்பி வரவில்லை.

மேடம் ஆப்பிளோடு பார்க்க வந்தார். அக்காவின் நெற்றியைத் தடவிக் கொடுத்தார். போகும்போது பழக்கம் விடவில்லை. போர்வைக்கு வெளியே தெரிந்த பாதத்தைத் தொட்டு, "இப்போ எத்தனைம்மா?" என்றார்.

"இப்ப ஒண்ணுமே தெரியல மேடம். சைபர்" என்றாள் அக்கா.

அந்தந்த நேரத்தில் கேட்டு அக்கா சொன்ன எண்களில் அது ஒன்றுதான் நிஜம். மேடம் பையிலிருந்து தாளை எடுத்தார். வட்டம் போட்டார். பேனாவை உதறினார்.

நான் வேலையை விட்டிருக்க வேண்டும். விடவில்லை. ஏன் என்று கேட்டால், அக்காவுக்கு மருந்து வாங்கவேண்டியிருந்தது என்று எல்லோரிடமும் சொன்னேன். அதுவும் உண்மைதான். ஆனால் அந்த அம்மாளைக் கண்ணை விட்டு அனுப்ப எனக்கு மனசில்லை. பக்கத்திலேயே இருந்து வெறுத்துக்கொண்டிருப்பதில் ஒரு சுகம் இருந்தது. என்னை வெறுப்பதற்கு பதிலாக அவரை வெறுத்தேன் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அந்த அறிவெல்லாம் ஏது?

ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன் மேடத்துக்குத் திருமலை பார்க்க ஆசை. சமணக் கோயிலும் குகையும் இருக்கிற மலை. என்னையும் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாடகைக் காரில் போனார். "முட்டி நாலு", "முட்டி அஞ்சு" என்று சொல்லிக்கொண்டே ஏறினார். இறங்கும்போது தூறல். பாறையில் கால் வழுக்கியது. வலது கையை ஊன்றிக்கொண்டு விழுந்தார். சுள்ளியை ஒடிப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது. மணிக்கட்டுக்குக் கீழே கை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

டிரைவரும் நானும் தாங்கிப் பிடித்துக் காரில் ஏற்றினோம். வேலூர் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மேடத்தின் முகம் வெளுத்து, பல் கிடுகிடுத்தது. அப்போதும் என்ன சொன்னார் தெரியுமா? "நோட்டை எடும்மா. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை என்னைக் கேளு. எழுது. என்கிட்ட காட்டாத. பதினஞ்சு நாள் கழிச்சு நான் ஞாபகத்துலேர்ந்து சொல்றேன், அப்போ எடுத்துக் காட்டு. இந்த மாதிரி சான்ஸ் எனக்குத் திரும்பக் கிடைக்காது."

நோட்டை எடுத்தேன்.

"எத்தனை மேடம்?"

"ஏழு."

மூணு என்று எழுதினேன். கை தானாகப் போட்டது என்றெல்லாம் கதை விடமாட்டேன். நான்தான் போட்டேன்.

"எத்தனை மேடம்?"

"ஒம்போது... அம்மா... ஒம்போது."

நாலு.

ரோட்டில் பள்ளத்தில் விழுந்து வண்டி எகிறியது. மேடம் போட்ட கூச்சலில் டிரைவர் பிரேக் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "பத்து! பத்துக்கு மேல! ஐயோ, பத்துக்கு மேல இருக்கு!"

"பத்துக்கு மேல கட்டம் இல்லீங்க மேடம்" என்றேன்.

அவர் என் புடவையைக் கடித்துக்கொண்டு அழுதார். நாலு என்று வட்டம் போட்டு, பேனாவை ஒரு உதறு உதறினேன். போய்ச் சேரும்வரை கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு தடவைகூடத் தவறவிடவில்லை.

பதினைந்தாவது நாள், கையில் மாவுக்கட்டோடு அவரே என்னைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தார். பரீட்சை எழுதப் போகும் பெண் மாதிரி உற்சாகமாக இருந்தார். "ஏழுல ஆரம்பிச்சுது. அப்புறம் ஒம்போது. பாதி வழிக்கு மேல பத்துதான். அந்தப் பள்ளம் வந்துதே, அப்போ பத்துக்கு மேல. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. சரி, காட்டு."

நோட்டைத் திறந்து அவர் மடியில் வைத்தேன். மூணு, நாலு, நாலு, மூணு, நாலு.

ஒவ்வொரு வட்டத்தின் மேலும் இடது கை விரலை வைத்து வைத்துப் பார்த்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவுதான், பிடித்துவிட்டார் என்று நினைத்தேன். திட்டுவார், அடிப்பார், நானும் அக்காவைப் பற்றி, அந்த ரெண்டைப் பற்றி எல்லாவற்றையும் கத்திக் கொட்டிவிடலாம் என்று காத்திருந்தேன். நிஜமாகவே அதற்குத்தான் காத்திருந்தேன்.

"நாலுதான் சொன்னேனா?"

"ஆமாங்க மேடம்."

"நான் கத்தலை?"

"கொஞ்சம் முனகினீங்க."

என் கையெழுத்தில் இருக்கிற இந்த எண்ணை நம்பாவிட்டால், என் கையெழுத்து உள்ள அத்தனை தாளையும் அவர் நம்பாமல் விடவேண்டும். அவர் தன் கையை விட்டுவிட்டார், தாளைப் பிடித்துக்கொண்டார். முகத்தில் சிரிப்பு வந்தது. கொஞ்சம் கோணலான சிரிப்பு. "பாத்தியா, நானே ஏத்திச் சொல்றேன். இத்தனை வருஷம் படிச்ச நானே!" என்றார்.

அதைக் கல்லூரி மேடையில் சொன்னார். நானும் கூட்டத்தில் இருந்தேன். தன்னுடைய உடைந்த கையைத் தூக்கிக் காட்டி, மூணும் நாலும் பத்தாக மாறிய கதையைச் சொன்னபோது எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை. நான் இப்போது ஆரணியிலேயே ஒரு பிசியோதெரபி சென்டரில் சீட்டு எழுதிக்கொடுக்கிறேன். மாமா காலமான பிறகு அக்கா என்னோடுதான் இருக்கிறாள். காலையில் அவளைக் கழுவித் துடைத்து, சக்கர நாற்காலியில் ஏற்றி டி.வி. முன்னால் விட்டுவிட்டுப் போவேன். நான் பைலைப் பார்த்துக்கொண்டு வாய்மூடி நின்றதை இத்தனை வருஷத்தில் அவள் ஒருநாளும் எடுத்துப் பேசவில்லை. காரில் நான் எழுதியதை அவளிடம் நானும் சொல்லவில்லை.

போன மார்கழியில் ஒரு மத்தியானம் போன் வந்தது. குரல் ரொம்பவும் தளர்ந்திருந்தது. யாரென்று தெரியவே எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அந்தக் கை சரியாவே கூடலைம்மா. இந்தக் குளிர்ல ஒரு டம்ளர் தூக்க முடியல. போன வாரம் டாக்டர் கிட்ட போனேன். எத்தனைன்னு கேட்டார். எனக்கு என்னவோ எட்டு மாதிரி தோணுது. ஆனா நான் எவ்வளவு ஏத்திச் சொல்ற ஆளுன்னு எனக்குத்தான் தெரியுமே. அதனால ரெண்டுன்னு சொன்னேன்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அவர் மாத்திரை கூட எழுதலை. வலி நிஜமா இருக்கா, நானா நினைச்சுக்கறேனான்னு எனக்கே நம்பிக்கை வரலைம்மா. அதுக்குத்தான் போன் பண்ணேன். அந்த நோட்டு உன்கிட்டதானே இருக்கு? அதுல நாலுதானே?"

நோட்டு அலமாரியில், என் சர்ட்டிபிகேட்டுகளுக்கு அடியில் இருக்கிறது. அதைத் திறக்கவேண்டிய அவசியமே இல்லை. இல்லை மேடம், பத்து, பத்துக்கு மேல என்று சொல்ல ஒரு மூச்சு போதும். எதிரில் அக்கா உட்கார்ந்திருந்தாள். நழுவி விழுந்த ஒரு காலைக் கையால் தூக்கிச் சக்கர நாற்காலியின் பலகை மேல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"நாலுதான் மேடம்" என்றேன்.

"அதானே" என்றார். "சரிம்மா. உடம்பைப் பாத்துக்கோ." வைத்துவிட்டார்.

அக்கா டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "யாருடி போன்ல?"

"எத்தினி மேடம்."

"அட! எப்படி கீறாங்களாம்?"

"கை வலியாம்."

"எத்தினியாம்?" என்று சிரித்தாள்.

"ரெண்டாம்."

அக்காவின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. ரெண்டு என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாதா? தன் முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் எதையோ தடவிக்கொண்டாள்.

"ஐயோ பாவம்டி" என்றாள்.